வாயால் சொன்னால்தான் ராஜினாமா

சாந்தா எரேமியா நாட்டுப் பள்ளிகளில் ஜனாதிபதியின் படத்தை இப்போதெல்லாம் ஆணியடித்து மாட்டுவதில்லை, ஒட்டுநாடாவால் ஒட்டுகிறார்கள். ஆனாலும் அந்நாட்டில் எவரும் சட்டத்தை மீறி ஆட்சியைப் பிடிப்பதில்லை. பீரங்கி வண்டியில் வருகிறவர்கூட வரிசைப்படிதான் வந்தாக வேண்டும். முன்பு ஒரு கர்னல் வரிசையைத் தாண்டிப் பதவியேறினார். அண்டை நாடுகள் எல்லையை மூடின. மாவு இல்லாமல் ரொட்டிக்கடைகள் படுத்துவிட்டன.

ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, சபாநாயகர், உள்துறை அமைச்சர். இதுதான் வரிசை. பதவியேற்றவர் அவையில் நின்று தன் வாயால் சொன்னால்தான் ராஜினாமா செல்லும். கள்ளக் கையெழுத்துகள் மலிந்த காலத்தில் வந்த விதி அது.

முதல் இருவரும் சிப்பாய்கள் புடைசூழ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உள்துறை அமைச்சராகப் போன வாரம்தான் நுழைந்திருந்த ஜெனரல் கொன்ராதோ உர்பினாவுக்கும் நாற்காலிக்கும் நடுவே மிச்சமிருந்தவர் சபாநாயகர் ஒத்தில்யா பாரெதெஸ் மட்டுமே. வடக்குத் துறைமுகத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கமாட்டார் என்று எல்லாக் கட்சிகளும் சேர்ந்து உட்கார வைத்த பெண்மணி.

ஜெனரல் அவர் அறைக்கே வந்து, இலவங்கப்பட்டை போட்ட காப்பியைக் குடித்தபடி விளக்கினார். உறுதிமொழி எடுக்க வேண்டும், உடனே விலக வேண்டும். அதன் பிறகு வீட்டுக்குப் போகலாம், யாரும் தொடமாட்டார்கள். வெளிநாடுகள் கேட்கட்டும் என்று நேரடி வானொலிக்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

ஒத்தில்யா யோசித்தார். உறுதிமொழி எடுக்க மறுத்தால் முறை தானாகவே ஜெனரலுக்குப் போய்விடும். எடுத்துவிட்டு விலகினாலும் அவருக்குத்தான். எடுத்துவிட்டு விலகாமல் இருந்தால் உயிரோடு வெளியே வருவோமா என்பது தெரியவில்லை. காப்பிக் கோப்பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, போகலாம் என்றார்.

அவையில் மூவர்ணப் பட்டையைத் தோளில் போட்டார்கள். ஒத்தில்யா உறுதிமொழியைத் தடுமாறாமல் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். நின்றபடியே விலகுவார் என்று காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெனரல் அருகே குனிந்தார். "அம்மா, ஒரு வார்த்தை பாக்கி இருக்கு."

"அந்த வார்த்தையை நான் சொல்லப்போறதில்ல, ஜெனரல்."

வானொலிக்காரர் ஒலிவாங்கியின் மேல் கை வைத்தார். ஆனால் அணைக்கவில்லை. அணைத்தால் ஜெனரலின் பதவியேற்பும் நாட்டுக்குக் கேட்காது.

"எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பீங்க?"

"உங்க ஆளுங்க தூக்கிட்டுப் போற வரைக்கும். தூக்கிட்டுப் போனா அது ராஜினாமா ஆகாதே."

ஜெனரல் குரலைத் தாழ்த்தினார். "பதவியில இருக்கிறவங்க செத்தும் போறதுண்டு."

"தெரியும். அதனாலதான் இதை முதல்ல சொல்லிடறேன்." ஒத்தில்யா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "ஜெனரல் உர்பினா இந்த நிமிஷத்துலேர்ந்து உள்துறை அமைச்சர் இல்ல. அவர் இடத்துக்குக் கசில்தா ரோமோவை நியமிக்கிறேன்."

எதிர்க்கட்சி வரிசையில் கசில்தா நிமிர்ந்து பார்த்தார். ஆசிரியர் சங்கத்துக்காரி, ஒத்தில்யாவை நான்கு வருடமாகப் பட்டாளத்தின் கிளி என்று மேடைதோறும் திட்டி வந்தவர். மெதுவாக எழுந்தார்.

"உங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. தெரியுமில்ல?"

"நாலு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். சீக்கிரம் வாங்க, நேரமில்ல."

"வந்தா என்னையும் சேத்துல்ல சுடுவாங்க."

"சுடலாம்."

கசில்தா கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு நடைபாதையில் இறங்கினார். வாசலில் நின்ற கேப்டன் ஜெனரலின் முகத்தைப் பார்த்தார். ஜெனரல் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறுதிமொழி எடுக்கக் கசில்தா வலக்கையை உயர்த்தியபோது பின்வரிசையிலிருந்த ஒரு மீனவர் தொகுதி உறுப்பினரும் எழுந்து வந்து, யாரும் கூப்பிடாமலே, அவருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஜெனரலின் சொந்தக் கட்சிக்காரர் ஒருவர். பிறகு இன்னும் இருவர்.

"என்ன இது?" என்றார் ஜெனரல்.

"வரிசைதான்" என்றார் ஒத்தில்யா. கசில்தாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. சத்தமா."