இருபத்தொன்றாம் நாள்

குஞ்சுகளின் சத்தம் தப்பான இடத்திலிருந்து வந்தது.

மருமகள் அப்போது முன்னறையில் வந்தவர்களுக்கு நாற்காலி விரித்துக்கொண்டிருந்தாள். அறையின் நடுவே மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். விடிவதற்குச் சற்று முன் தூக்கத்திலேயே போய்விட்டார். குஞ்சுகளின் சத்தம் பின்னறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மெல்ல வரவேண்டும். வந்ததோ சமையலறையிலிருந்து, தொண்டை கிழிய. பாதி விரித்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதன்மேல் கவிழ்ந்தாற்போல் மேசைவிளக்கு. உள்ளே குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பெரிய மாமா, மாமனாரின் அண்ணன், கையில் கத்தரிக்கோலுடன் நின்றார். காலையிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

"வலைக்குள்ள கெடந்து கத்துச்சும்மா. மூச்சு முட்டிடுமேன்னு எல்லாப் பையையும் வெட்டி எடுத்துட்டேன். நாப்பத்துமூணு. ஒண்ணுகூடச் சாகல."

எந்தப் பையிலிருந்து எதை எடுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். கோழிக்குஞ்சு கோழிக்குஞ்சுதானே என்றார்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் நம்பர்காரர் என்பார்கள். பணியில் இருந்தவரை சரக்கு ரயில்பெட்டிகளில் எண் எழுதும் பெயின்டர். ஓய்வுபெற்றதும் கோழிகளுக்கு எண் போட ஆரம்பித்தார். வெயில் ஏறினால் எந்தக் கோழியும் முட்டையை நிறுத்திவிடும். நிறுத்தாத கோழியை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று பதினான்கு வருடமாக ஒற்றைக்காலில் நின்றார். கோழி முட்டையிட நுழைந்ததும் தானாகக் கதவு விழுந்து மூடிக்கொள்ளும் பொறிக்கூடுகளை அவரே செய்தார். அப்போதுதான் எந்த முட்டை எவளுடையது என்று தெரியும். கோழியின் கால்வளையத்தைப் பார்த்து முட்டையில் பென்சிலால் எண் எழுதி, ஏட்டிலும் ஏறிய பிறகே அதை வெளியே விடுவார். கடுங்கோடையிலும் இட்டவளின் பிள்ளைகளை வைத்துக்கொள்வார், மற்றவற்றைக் கழிப்பார். இப்படி ஏழு தலைமுறை. ஒவ்வொரு தாயின் முட்டைகளும் இன்குபேட்டரில் வைத்த பதினெட்டாம் நாள் தனித்தனி வலைப்பைக்குள் போகும். இருபத்தொன்றாம் நாள் பைக்குள்ளேயே பொரியும். காலில் வளையம் மாட்டாமல் ஒரு குஞ்சும் பையைவிட்டு வெளியே வராது.

நேற்றுச் சாயங்காலம்தான் சொன்னார். "ஆபீசர், நாளைக்கு இருபத்தொண்ணு. எனக்கு முடியலன்னா நீ வளையம் மாட்டிடு." ஏட்டை அவள்தான் எழுதுவாள், அவர் கணக்கைக்கூடத் திருத்துவாள். அதனால் வந்த பட்டம் அது. மாட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பின்னறைக்குப் போய் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தாள். ஓடுகள் மட்டும் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தாயின் எண். ஓட்டுக்குத் தாய் யாரென்று தெரிகிறது, குஞ்சுக்குத் தெரியவில்லை. சேவல் ஒன்றே ஒன்றுதான். ஊரெல்லாம் அப்பன் பெயரில்தான் வழக்கு வரும். இங்கே அப்பன் சந்தேகமில்லாமல் இருக்கிறான், அம்மாதான் யாரென்று சொல்ல ஆளில்லை.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய மாமாவின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி எறியத் தோன்றியது. அதற்குப் பதிலாகத் திரும்பி வந்து அட்டைப்பெட்டியின் முன் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று முன்னறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, அழு, நல்லா அழு என்று முதுகைத் தடவினார்கள். எதற்கு அழுகிறாள் என்று அவளாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

புருஷன் அவளைத் தனியாக அழைத்துப் போனான். பேருந்து ஓட்டுநர், கோழி வாசனையே அவனுக்கு ஆகாது. பெரியப்பா தன் வேனில் கூடைகள் கொண்டுவந்திருப்பதாகவும், அடக்கம் முடிந்து திரும்பும்போது எல்லாக் கோழிகளையும் தன் தோட்டத்துக்கே கொண்டுபோய்விடுவதாகச் சொன்னதாகவும், தான் சரி என்றுவிட்டதாகவும் சொன்னான்.

"அங்க இருக்கற அம்பது கோழியோட போய்ச் சேர்ந்துடும்."

"சேர்ந்தா நாலே மாசத்துல எந்தக் குஞ்சு எதோடதுன்னு தெரியாது. பதினாலு வருஷம் போச்சு."

"அதான் இன்னைக்கே போச்சே. அப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்கோ."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் கண்களும் சிவந்திருந்தன. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி, பெரிய மாமாவிடம் நேரே சொன்னாள்.

"இந்த நாப்பத்துமூணும் உங்களுக்கு, எடுத்துட்டுப் போங்க. பெருசுங்க எங்கயும் வராது."

அவர் தன் மகனைப்போல வளர்த்த தம்பி மகனைப் பார்த்தார். இந்த வீட்டில் பிறக்காதவள் இந்த வீட்டுச் சொத்தைப்பற்றிப் பேசுகிறாளே என்று யாரோ ஒரு பெண் காதில் விழும்படியே சொன்னாள். அது வீட்டு அம்மா முடிவுசெய்ய வேண்டிய விஷயம் என்று பெரிய மாமா ஒதுங்கிக்கொண்டார். மருமகளுக்கு நம்பிக்கை போயிற்று. மாமியார் கோழிகளை என் சக்களத்திகள் என்றுதான் சொல்வாள். கட்டின மனைவிக்கு ஒருநாள் தலைவலித் தைலம் வாங்கித் தந்ததில்லை, சக்களத்திகளுக்கு வேளாவேளைக்கு மருந்து என்று புலம்புவாள். இன்று காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்தபடி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. நான்கு பேர் தூக்கக் குனிந்தார்கள். அப்போது மாமியார் நிமிர்ந்து, கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

"ஆபீசர்."

அந்தப் பெயரால் அவள் கூப்பிட்டதே இல்லை. மருமகள் முன்னால் வந்தாள்.

"என் சக்களத்திங்களை யாராவது தெறந்து விட்டீங்களா?"

மருமகளுக்குச் சுரீரென்றது. பெரிய மாமாமேல் அத்தனை கோபப்பட்டவள், காலையிலிருந்து ஒருமுறைகூடக் கூண்டுப் பக்கம் போகவில்லை.

"அம்மா, வண்டி நிக்குது" என்றான் மகன்.

"நிக்கட்டும். ஒருநாள்கூட அவர் முட்டை எழுதாம வெளிய கெளம்புனதில்ல."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பெரிய மாமா வாசலுக்குப் போய், வேனில் இருந்த கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

கூண்டில் பதினான்கு பொறிக்கூடுகளில் ஒன்பது மூடியிருந்தன. நேற்று இருட்டுவதற்குள் அவர் தன் கையால் தூக்கி மாட்டிய கதவுகள். அவர் போன பிறகு விழுந்திருக்கின்றன. மருமகள் முதல் கதவைத் திறந்தாள். கோழி அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. வளையத்தைப் பார்த்தாள், பதினேழு. முட்டையில் பதினேழு என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டாள். இறக்கிவிட்டதும் கோழி தண்ணீர்த் தட்டுக்கு ஓடியது. அடுத்தது முப்பத்திரண்டு. அடுத்தது ஒன்பது. நாற்பத்தொன்று அடைபட்ட கோபத்தில் தன் முட்டையையே உடைத்துத் தின்றிருந்தது. அவர் இருந்தால் அதையும் விடமாட்டார். 'உடைத்தது, தாமதமாகத் திறந்தோம்' என்று ஏட்டில் எழுதினாள்.

எட்டு முட்டைகளையும் தட்டில் கூர்முனை கீழாக அடுக்கினாள். முன்பக்கம் வண்டியின் ஹாரன் ஒருமுறை ஒலித்து நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள், கூண்டு வாசலிலிருந்து திரும்பி வந்தாள். கதவுகளை மாட்டிவிட்டால் நாளைக் காலை யாராவது வந்து திறந்துதான் ஆகவேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒன்பதையும் கொக்கியில் மாட்டினாள்.