பக்கத்துப் பாய்

என் மனைவி ஒட்னிக்கு இரண்டு புருஷன்கள். மூத்தவர் துப்பாக்கி, இளையவன் நான். துப்பாக்கியை அவள் முதுகில் சுமந்தாள், துடைத்தாள், எண்ணெய் போட்டாள், குளிருக்கு உறை போட்டுப் படுக்கவைத்தாள். எனக்கு அந்த உறைகூட வாய்க்கவில்லை.

பனியில் சறுக்கி ஓடி, மூச்சு வாங்கும்போதே குறி பார்த்துச் சுடுகிற பயத்லான்தான் எங்கள் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்கப் பேச்சு. இருபது வயதிலிருந்து நாட்டுக்காக ஓடினாள். ஓட்டம் நின்றதும் வீட்டுக்கு வருவாள் என்று குளிர் காயும் அடுப்பைப் புதிதாக மாற்றி வைத்தேன். மறு பருவமே பயிற்சியாளராகக் கிளம்பிவிட்டாள். மனைவி முகத்தைப் பார்க்கவேண்டுமென்றே ஊர் கிளப்பில் சறுக்குக் கட்டைகளுக்கு, ஸ்கீக்களுக்கு, மெழுகு போடும் வேலைக்குச் சேர்ந்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனையோ பிள்ளைகளைத் தேற்றி அனுப்பினாள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. தூவா வந்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. பத்து வயதில் ஒட்னியிடம் வந்த பெண், இப்போது நாட்டின் அணியில் இருக்கிறாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்குச் சுவரோரம், தூவாவுக்கு ஜன்னலோரம். பழுப்புப் பாலாடைக்கட்டியில் முதல் சீவல் அவளுக்கு. அவள் இருமினால் ஒட்னி எழுந்துகொள்வாள். நான் நெஞ்சுச் சளியில் படுத்திருந்தபோது, "தூவா பக்கம் வந்துடாதே, ஒட்டிக்கும்" என்றாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். புருஷன் வளருவானா?

இந்த மார்ச்சில் தேசியப் பட்டப்போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. ஒட்னியின் பயிற்சியாளர் ஒப்பந்தம் அதோடு முடிகிறது. இன்னும் நான்கு வருஷம் இருக்கச் சொல்லிப் பயத்லான் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்து காபி குடித்துப் போனார்கள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் கேட்டதற்கும் அதே பதில்தான். என் கணக்கு எளிது. தூவா ஜெயித்தால் இவளை விடவே மாட்டார்கள். தோற்றால் ஒட்னி வீட்டுக்கு வருவாள். வந்தால் அந்தப் புது அடுப்புக்கு, அது பழசாகிவிட்டது, முன்னால் இரண்டு நாற்காலி போடலாம்.

காலையில் ஈரப்பனி விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது மெழுகுதான். தூவாவின் ஸ்கீக்களைச் சரிவில் ஒவ்வொரு ஜோடியாக விட்டுப் பார்த்தேன். ஒன்று வழுக்கிக்கொண்டு பறந்தது. இன்னொன்று பசைபோல் ஒட்டியது. ஒட்டியதைக் கையில் எடுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்த ஹால்வர் போட்ட மெழுகு ஓடவில்லை என்று நாலு பேர் பேசுவதை நினைத்தால் உடம்பு கூசியது. பறந்த ஜோடியையே கொடுத்தேன். ஓட்டம் என் பொறுப்பு. சுடுவது ஒட்னியின் பொறுப்பு, அதிலே பிசகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

என் ஸ்கீக்கள் தூவாவைக் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போயின. கடைசிச் சூட்டுக்குத் தூவா முதல் ஆளாக வந்தாள். வேலியோரம் ஒட்னி தொலைநோக்கியில் கண் வைத்திருந்தாள், நான் அவள் பின்னால் நின்றேன். சுடுமிடத்தில் விரித்திருந்த தன் பாய்மேல் கால் ஊன்றி, மூச்சை அடக்கி, தூவா ஐந்து குண்டுகளையும் தாளம் பிசகாமல் சுட்டாள். பட்டால் கறுப்பு வட்டம் வெள்ளையாக வேண்டும். அவள் பாய்க்கு நேரே ஐந்தும் கறுப்பாகவே இருந்தன. என் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒட்னி அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். கூட்டம் ஆட்டிய மணிகளின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துப் பாய் காலியாகக் கிடந்தது. அதற்கு நேரே இருந்த ஐந்து வட்டங்களும் பளிச்சென்று வெள்ளை.

அடுத்தவள் குறியில் எத்தனை பட்டாலும் கணக்கில் வராது. ஐந்தும் தப்பியதற்குச் சமம். தூவா நிமிர்ந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள், தண்டனைச் சுற்றுக்குள் போய், ஒரு தப்புக்கு ஒன்றாக ஐந்து முறை சுற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

ஒட்னியின் கடைசிப் பந்தயமும் இப்படித்தான் போயிற்று. உலகப் போட்டியில் முன்னணியில் வந்து, பக்கத்துப் பாயின் குறியைச் சுட்டுத் தோற்றாள். அன்று முடிவுக்கோட்டில் அவளுடைய குளிர்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் தோளை உரசிக்கொண்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். அதைப் பற்றி வீட்டில் இன்றுவரை ஒரு பேச்சு இல்லை.

இன்று தூவா முடிவுக்கோட்டில் விழுந்தபோது ஒட்னி ஓடினாள். தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தி, பனியிலேயே உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தோற்ற பெண்ணைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்ன மனுஷன் நான்?

வெகுநேரம் கழித்து ஒட்னி மெழுகுக் கொட்டகைக்கு வந்தாள். என் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். ஸ்கீ நன்றாக ஓடியது என்றாள், அப்படி ஒரு ஓட்டத்தை இந்தப் பருவத்திலேயே பார்க்கவில்லை என்றாள். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காலையிலயே சங்கத்துக்காரங்ககிட்ட சொல்லிட்டேன், ஹால்வர். இன்னைக்கு இவ ஜெயிச்சுட்டா நான் வீட்டுக்குப் போறேன், வேற ஆளைப் பாருங்கன்னு."

என் கையில் மெழுகு தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சந்தோஷத்துல ஆடுவே. மெழுகு கெட்டுப்போகும்." லேசாகச் சிரித்தாள். "இப்ப எப்படி விட்டுட்டுப் போறது? நாலு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டுத்தான் வரேன். அன்னைக்கு நான் பக்கத்துப் பாயைச் சுட்டுட்டு வந்தப்ப எனக்கு யாருமே இல்ல."

"நான் இருந்தேனே, ஒட்னி. கோட்டை வெச்சுக்கிட்டு நின்னேனே."

"நின்னே. பார்த்தேன்." கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ சுட்டதில்லையே."

தூவாவை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்று கிளம்பிப் போனாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்தவனாய்க் கொட்டகையில் தனியாக நின்றேன். எதை வேண்டிக்கொண்டேனோ அது அப்படியே நடந்திருந்தது. சாமியிடம் போய்ச் சண்டை போடவும் முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து, பறந்த அந்த ஜோடியை மேஜையில் மல்லாத்தினேன். பழைய மெழுகைச் சுரண்டி, கோடைக்குத் தாங்கும்படி புதுசாகப் பூசினேன். எங்கள் பள்ளத்தாக்கில் தூவா ஜெயிக்கவேண்டும் என்று இன்றைக்கு என்னைவிட வேண்டுகிறவன் எவனும் இல்லை.