ஆழம் குறைந்த பக்கம்

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம். ஒரு பக்கம் மூன்றடி ஆழம், மறுபக்கம் ஐந்தடி. 1978இல் வரைந்தவர் என் கணவர் தசரதன், ஓவர்சியர். நெல்லிவாசல்நாட்டில் நான் ஆசிரியையாக இருந்த மலையூருக்கு ஒரு பொது நீச்சல் குளம். நீங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு" பனி இறங்கவில்லை. அது சித்திரை மாதம். அடித்துவிட்டேன்.

2

(முதல் இரண்டு பிரதிகளில் காரணத்தைச் சொல்லவில்லை. கதை நன்றாகத்தான் இருந்தது.)

எங்கள் மகள் வசந்தி ஒன்பது வயதில் ஊர்க் கிணற்றில் விழுந்தாள். என் கணவர் மேலே நின்றிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஊர்க்காரன் ரங்கன் ஓடிவந்து குதித்தபோது நேரம் கடந்திருந்தது.

மறுவருடம் வரைபடம் போட்டார். மூன்றடி என்பது வசந்தியின் மார்பளவு.*

* வரைபடத்தில் இந்தக் குறிப்பு இல்லை.

3

ஊர்க்கூட்டத்தில் தாளை விரித்தார்.

"மூணடித் தண்ணில இன்னா சாரு நீஞ்சறது? எங்கூட்டு எருமை உக்காந்தா மிச்சம் இருக்காது" என்றான் ரங்கன்.

"கொழந்தைங்க நின்னு கத்துக்கறதுக்குப்பா."

"தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்றாள் பாஞ்சாலை.

"ஓடைலேர்ந்து. குழாய் போட்டு."

"பங்குனி வந்தா அந்த ஓடையே எங்ககிட்ட தண்ணி கேக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் பற்களைப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது.

வீட்டுக்கு ஒருவர் தோண்ட வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அவர் முளையடித்துக் கயிறு கட்டினார். மறுநாளே மஞ்சள் காமாலையில் படுத்தார். நாற்பது நாள் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

4

திரும்பி வந்தபோது குழியின் ஆழம் பதினெட்டடி. அதில் பாதிக்குத் தண்ணீர். இறங்கப் படி வெட்டி, தேங்காய் உடைத்திருந்தார்கள்.

"தண்ணி வர்ற வரைக்கும் தோண்டறதுதான சாரு தோண்டறது?" என்றான் ரங்கன். "நீங்க ஆஸ்பத்திரில படுத்துகினு கீறீங்க. மூணடில நிறுத்த எங்களுக்கு மனசு வர்ல."

குழந்தைகளுக்காக அவர் கேட்ட இடத்தில், அன்பினால், இன்னொரு கிணறு வெட்டியிருந்தார்கள்.

இங்கே அவர் கோபப்பட வேண்டும். கதைக்கு அதுதான் பொருத்தம். அவர் டேப்பை எடுத்து நீள அகலம் பார்த்தார். ஓர் அங்குலம்கூடப் பிசகில்லை.

"அளவு சரியாகீது" என்றார்.

5

முடிவு அ: மண் போட்டு மூடினார்கள்.

முடிவு ஆ: சுற்றுச்சுவர் கட்டி

இரண்டும் நடக்கவில்லை. மறுநாள் காலை அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ரங்கன் தண்ணீரில் காத்திருந்தான். கயிற்றின் மறுமுனை என் கையில்.

"தளத்தி வுடுங்க டீச்சரம்மா! இழுத்துப் புடிச்சிகினே இருந்தா அவரு எப்டி நீஞ்சுவாரு?"

நான் தளர்த்தவில்லை. பத்து நாள் இறங்கினார். பத்து நாளும் ஒரு சாண்கூட விடவில்லை. பதினோராம் நாள் கயிற்றை அவரே சுருட்டி ஆணியில் மாட்டினார். 1986இல், நீந்தத் தெரியாமலே, கட்டிலில் இறந்தார்.

கதையில் அவர் நீந்தலாம். அதற்கு யாராவது கயிற்றைத் தளர்த்த வேண்டும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் "நான் கயிற்றை" என்ற இடத்தில் பேனா நின்றது.

அவர் படியில் நிற்கிறார். தண்ணீர் மார்பளவு. இந்தாருங்கள், கயிற்றைப் பிடியுங்கள். உங்களுக்கு அவரைத் தெரியாது, உங்களால் முடியும்.