கட்டிலைப் பார்க்கும் கேமரா

ஐப்பசி இடியில் பழைய ரூட்டர் கருகிவிட்டது. நெட் இணைப்புத் தருகிற பெனின் இரண்டு நாள் கழித்துப் புதியதை மாட்டினார். பழையதில் ஆட்டோமேட்டிக் போர்ட் ஃபார்வர்டிங் எப்போதும் இயங்கிக்கொண்டிருந்ததாம். புதியதில் அது அணைந்திருக்கும் என்றார். இயங்கினால், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான கதவைக் கேமராவே ரூட்டரிடம் சொல்லித் திறந்துகொள்ளும். வீட்டுக்காரனை யாரும் கேட்பதில்லை.

"கேமராவ வெளிய இருந்து பாக்கணும்ணா ஒரு டிக் போட்டாப் போதும், அண்ணே. நான் வேண்டாம்ணுதான் சொல்லுவேன்."

எனக்கு வேண்டும். என் மனைவி ஜெப்சி படுத்த படுக்கையானபோது, குவைத்தில் இருக்கும் அவள் தம்பி ஷாஜன் விடுமுறையில் வந்து படுக்கையறையில் மாட்டிய கேமரா அது. அவர்களுடைய அம்மா ஞானபாயும் அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு குவைத்தில்தான். மகளை அம்மா போனில் பார்க்கட்டும் என்றான். பெற்ற தாய்தானே என்று சரி சொன்னேன். தக்கலை ஆபீசில் இருந்தபடி நானும் பார்ப்பேன். மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பாட்டைத் திறக்குமுன்.

ஜெப்சி இறந்து ஏழு மாதம். இப்போதும் ஒரு மணிக்குப் பார்க்கிறேன். கட்டில் இருக்கும். விரிப்பு இருக்கும். பார்த்துவிட்டுச் சாப்பிடுவேன். இந்த இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை.

பெனின் போனபிறகு லேப்டாப்பில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, டிக் போட வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தேன். அப்போது ஷாஜன் அழைத்தான். அங்கேயும் கேமரா வரவில்லையாம். இடி விழுந்ததைச் சொன்னேன். சீக்கிரம் சரிசெய்யச் சொன்னான். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆட்கள் கேட்பார்கள் என்றான்.

எந்த ஆட்கள் என்று கேட்டேன்.

பெருமையாகவே சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் ஃபிளாட்டில் ஜெபக்கூட்டம். நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் பன்னிரண்டு. ஜெப்சி கிடந்த ஐந்து மாதமும் அவளை டிவியில் போட்டு வைத்துத்தான் ஜெபித்தார்களாம். முகத்தைப் பார்த்தால்தான் பாரத்தோடு ஜெபிக்க வருமாம். இப்போதும் அந்தக் கட்டிலைப் போட்டுவைத்துத்தான் கூட்டமாம். முடிந்ததும் பிரியாணி.

"எத்தன மணிக்கு ஜெபம்?"

"நாலு மணிக்கு, அத்தான்."

குவைத்தில் நாலு என்றால் இங்கே ஆறரை. ஆபீசிலிருந்து வந்து, வெந்நீர் வைத்து, ஆறரைக்குத்தான் ஜெப்சிக்கு உடம்பு துடைத்துவிடுவேன். தினமும். நைட்டியைக் கழற்றி, ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகுப் புண்ணில் மருந்து வைத்து. வீட்டில் வேறு யாருமில்லை. ஆனாலும் அவள் கதவைச் சாத்தச் சொல்வாள். சாத்துவேன்.

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். உடம்பு துடைப்பதுகூட டிவியில் தெரிந்ததா என்று கேட்டேன்.

"நாங்க கண்ண மூடித்தான அத்தான் ஜெபிப்போம்."

இனி கேமரா வராது என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"அக்கா போயாச்சு. இனி அங்க மறைக்கியதுக்கு என்னத்த இருக்கு? வேற ஆராவது வந்தாச்சா?"

ஞானபாய் போனை வாங்கினார்.

"மக்கா, டிவிய அணைக்கச் சொன்னேன். அவன் கேக்கல்ல." பிறகு, "எனக்கு அந்தக் கட்டில ஒருக்கா காணணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றி எங்கள் இருவருக்கு மட்டும் வைக்கலாம். ஆனால் அவர் போன் ஷாஜன் வீட்டில் இருக்கிறது. எனக்கு மட்டும் என்றால், பன்னிரண்டு குடும்பம் இருந்த இடத்தில் நான் ஒருவன் உட்கார்ந்திருப்பேன், சோற்றுப் பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு. அவர்களுக்குப் பிரியாணி, எனக்கு மீன்குழம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டோ எடுத்து அனுப்புகிறேன் மாமி என்றேன்.

"போட்டோவுல சன்னல் துணி ஆடாது, மக்கா."

போனை வைத்தார். டிக் போடாமல் பக்கத்தை மூடினேன். கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒயரோடு கொஞ்சம் சிமெண்டும் வந்தது.

மறுநாள் ஒரு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. கேமரா இணைப்பில் இல்லை என்று வந்தது. பாத்திரத்தைத் திறந்தேன். மீன் வாடை அடித்தது. அப்படியே கொண்டுபோய் ஆபீஸ் பின்னால் நாய்க்குக் கொட்டினேன்.