எர்த் குழிக்கு ஒரு வாளி தண்ணீர்

ஹீட்டர் வந்து இறங்கிய அன்றைக்கு அந்த அட்டைப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நூர்ஜகான் படுக்கிற பக்கம் அது. வேறு எங்கே வைப்பது? கூடம் முழுக்கத் தார்ப்பாய்க் கட்டு, பின்பக்கம் முழுக்கக் கயிற்றுக் கட்டு. கடையில் இடம் போதாமல் சரக்கை வீட்டில் அடுக்கியே பழகிவிட்டேன்.

என் பேர் ஷேக் மைதீன். கள்ளக்குறிச்சியில் கயித்துக்கடை பாய் என்று கேட்டால் கரும்பு ஏற்றுகிறவர்கள் யாரும் வழி சொல்வார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர்களில் பாதி என் கயிற்றை நம்பித்தான் போகிறது. நாலு பேர் மதிக்கிற ஆள்தான் நான். ஆனால் இரண்டே கால் வருஷமாக என் வீட்டில் ஒரு டம்ளர் உருண்டு விழுந்தால்கூட அதை நான்தான் தட்டிவிட்டிருக்க வேண்டும்.

நூர்ஜகான் என் மனைவி. எங்கள் மகள் ருக்ஷானாவின் பிரசவத்துக்கென்று பல்லாவரம் போனாள். முறைப்படி பார்த்தால் மகள்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். "அந்த வூட்டு பாத்ரூம்ல பச்சப் புள்ளயக் குளிப்பாட்ட மாட்டேன்" என்று நூர்ஜகான் ஒற்றைக் காலில் நின்றாள். பட்டணத்து டைல்ஸ் பாத்ரூம் கேட்கிறது இவளுக்கு என்று நான் கத்தினேன். நாற்பது நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவள் வரவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, முட்டி வலி, மழை, வெயில் என்று ஏதாவது ஒன்று. சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் யாரையாவது வைத்துச் சமாதானம் பேசியிருக்கலாம்.

இந்த ரம்ஜான் முடிந்து ருக்ஷானா பேசும்போது சொன்னாள். "அம்மாவுக்கு முட்டிக்கு வென்னீர்லதான் குளிக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு அத்தா. அங்க யாரு போட்டுக் குடுப்பா?"

"ஹீட்டர் வச்சிட்டா வருவாளா, கேளு."

போனுக்குப் பின்னால் ஏதோ பேச்சு நடந்தது. "மொதல்ல வைக்கட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்றாங்க."

அப்புறம் பார்க்கலாம் என்றால் வருகிறேன் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தனியாக இருக்கிறவனுக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்ளத் தோன்றும்? இருப்பதிலேயே நல்லதாக, குமிழைத் திருப்பினால் உடனே சுடச்சுட ஷவரில் கொட்டுகிற மாதிரி ஒன்றை வாங்கினேன்.

மாட்டித் தர வந்தவர் இளவரசன். வெள்ளிமலைக்காரர், நாற்பது வயதிருக்கும். காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கி வந்திருந்தார். சுவரில் நாலு ஓட்டை போட்டுத் தொங்கவிடுகிற அரை மணி நேர வேலை என்று நினைத்திருந்தேன். அவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நேரே மீட்டர் போர்டுக்குப் போய் அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பாய், இதுக்குத் தனி லைன் இழுக்கணும். இந்த ஒயரு தாங்காது. சுச்சு பாத்ரூமுக்கு வெளிய வரும். அதெல்லாம் பண்ணிக்கலாம். எர்த் எங்க?"

"எர்த்து வூடு கட்டசொல்லவே போட்டாச்சுப்பா."

"போட்டிருக்காங்க. இப்ப இல்ல."

"இத்தினி வருஷம் இல்லாமயா லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது? வந்த வேலயப் பாரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "கரண்டு கசிஞ்சா மண்ணுக்குள்ள போறதுக்கு ஒரு வழி வேணும் பாய். அதான் எர்த்து. இது தண்ணியில இருக்கற பொருளு. சில பேரு எர்த்து இல்லன்னா பிளக்குல இருக்கற எர்த்து பின்ன நியூட்ரல் ஒயர்லயே சேத்து வுட்டுட்டுப் போய்டுவாங்க. என்னிக்காவது நியூட்ரல் அறுந்துச்சின்னா குளிக்கறவங்க மேலதான் ஏறும். எனக்கு அந்த வேல வேணாம்." சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

நூர்ஜகானின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "இருப்பா, இருப்பா. இன்னா பண்ணணுமோ பண்ணு" என்றேன்.

அவர் மோட்டாரைப் போடச் சொன்னார். பின்பக்கத்து போர் மோட்டார் உறுமியது. பாத்ரூமுக்குள் போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். எல்லாம் பழைய இரும்புக் குழாய். டெஸ்டரில் சின்ன விளக்கு எரிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னார், அணைந்தது. மறுபடி போடச் சொன்னார், எரிந்தது.

"மோட்டாரு கசியுது. கசியறது எர்த்து இல்லாம கொழாய்லயே ஓடுது. இந்தக் கொழாயத் தொட்டா ஷாக் அடிக்குதுன்னு யாரும் சொல்லலயா பாய்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நூர்ஜகானின் குரல்தான் காதில் வந்தது.

சொன்னாள். ஒரு தடவை இல்லை. நாங்கள் மோட்டார் போடுவது விடிகாலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில்தான் அவள் குளிப்பாள், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்வாள். நான் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய் அங்கே ஹவுஸ் என்கிற தண்ணீர்த் தொட்டியில் ஒளு செய்து தொழுதுவிட்டு, வீட்டில் குளிப்பது ஒன்பது மணிக்கு. தொட்டி நிறைந்து மோட்டார் நின்று வெகுநேரம் ஆகியிருக்கும். "ஏங்க, கொழாயத் தொட்டா சுருக்குனு புடிக்குது" என்பாள். ரப்பர் செருப்போடு ஒன்பது மணிக்குப் போய் அதே குழாயைக் கெட்டியாகப் பிடித்துக் காட்டுவேன். "இன்னா புடிக்குது? எங்க புடிக்குது?" ஒரு விருந்தில் என் அக்கா வீட்டு ஆட்கள் முன்னால், "குளிக்கச் சோம்பல்பட்டு கொழா மேல பழி போடறா" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்து எடுத்துப் போய் பாத்ரூமில் போட்டுக்கொண்டாள். அதன்மேல் நின்றுதான் குளிப்பாள். "மேடை போட்டாச்சா, கச்சேரி எப்ப?" என்று அதற்கும் கேலி பேசினேன். அதற்குப் பிறகு அவள் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பலகை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றினேன். தரை ஈரமாக இருந்தது. "பாய், கை வைக்காதீங்க!" என்று இளவரசன் கத்துவதற்குள் குழாயைத் தொட்டுவிட்டேன். முழங்கை வரைக்கும் வெட்டி இழுத்தது. கை தானாகத் தெறித்து சுவரில் மோதியது. ஒரு நொடிகூட இருக்காது.

"உசுரு மேல ஆச இல்லயா? இன்னிக்குக் கொஞ்சமாக் கசிஞ்சிச்சி, அதனால பொழச்சீங்க. ஜாஸ்தி வந்திருந்தா?" அவர் என்னை வெளியே இழுத்து வந்து உட்கார வைத்தார். எனக்குக் கை வலிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஏழு வருஷம், இதைத் தினம் தொட்டு முகம் கழுவித் தொழுதிருக்கிறாள். பச்சைப் பிள்ளையை இங்கே குளிப்பாட்ட மாட்டேன் என்று அவள் நின்றதற்கு டைல்ஸ் காரணம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இளவரசன் சுவரோடு வந்த எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனார். கயிற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே, அது வெட்டுப்பட்டு நின்றது.

"இங்கதான் குழி இருந்திருக்கு. மேல சிமெண்டு போட்டவன் கம்பிய வெட்டி வுட்டுட்டான். யாரு பாய் போட்டது?"

"கொத்தனாரு" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வீடு கட்டியபோது வயரிங் செய்தவர் நூர்ஜகானிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இந்தக் குழியில் கரியும் உப்பும் போட்டிருக்கிறது, ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும், வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அவள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் ஊற்றினாள். அந்த ஈரம் பக்கத்தில் இருந்த என் தேங்காய் நார்க் கயிற்றில் ஏறி அடிக்கட்டுகள் பூஞ்சணம் பூத்துப் போயின. கயிறு முக்கியமா குழி முக்கியமா என்று குதித்தேன். அவள் மணலூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துக் கொத்தனாரை வைத்து மெழுகிவிட்டேன். திரும்பி வந்தவள் அந்த வெள்ளிக்கிழமை வாளியோடு வந்து நின்று சிமெண்டைப் பார்த்தாள். தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் கழித்துத்தான் குழாய் சுருக்கென்று பிடிக்க ஆரம்பித்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருப்பாள்.

வேலை இரண்டு நாள் நடந்தது. கயிற்றுக் கட்டுகளை நானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில் போட்டேன். இளவரசன் கடப்பாரையால் சிமெண்டை உடைத்து, பழைய குழியைத் தோண்டி, புதுக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். மோட்டாரைக் கழற்றிப் புதுக் காயில் சுற்றக் கொடுத்துவிட்டுப் பழைய ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினார். போர்டில் ஒரு புது சுவிட்ச் வைத்தார். "கொஞ்சம் கசிஞ்சாலும் இது டப்புனு வுழுந்துடும்" என்று அதிலிருந்த சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். வீடே அணைந்தது. மாசம் ஒரு தடவை நீங்களும் இப்படி அழுத்திப் பாருங்கள் என்றார். ஹீட்டர் பெட்டியைக் கடைசியில்தான் பிரித்தார். அது நிஜமாகவே அரை மணி நேர வேலைதான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "குழிக்குத் தண்ணி மட்டும் மறக்காதீங்க பாய். எல்லாரும் அததான் மறந்துடறாங்க" என்றார்.

சாயங்காலம் போன் போட்டேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஹீட்டர் வச்சாச்சு, எப்ப வர்ற. அவ்வளவுதான். நூர்ஜகானே எடுத்தாள்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. வெள்ளிமலையிலிருந்து வந்த இளவரசன், டெஸ்டர், மோட்டார், சிமெண்டு, வெட்டுப்பட்ட கம்பி எல்லாம் கொட்டிவிட்டேன். "நீ சொன்னது நெசந்தான் நூரு. குழிய நாந்தான் மூடினேன். எல்லாம் என்னாலதான்."

அந்தப் பக்கம் பேரன் எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு ஏதோ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அவரு மலையிலேர்ந்து வந்து ஒரு தடவ சொன்னாரு, நம்பிட்டீங்க" என்றாள். கோபமே இல்லை குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை.

"தொட்டுப் பாத்தேன்."

"அல்லாவே, எதுக்குத் தொட்டீங்க? கைக்கு இன்னா ஆச்சு?"

அந்தப் பதற்றம் பழைய நூர்ஜகானுடையது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ஒண்ணும் ஆவல. நீ எப்ப வர்ற? நான் வந்து கூட்டிக்கினு வரட்டா?"

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"குழிய மூடாமதான வச்சிருக்காரு?" என்றாள்.

"மூடி ஒண்ணு போட்டிருக்காரு. தெறந்து ஊத்தலாம்."

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி வந்து ஊத்துங்க. அப்பிடி வச்சிக்கினாதான் மறக்காது. வெயில் காலத்துல ரெண்டு வாளி. உப்பு கரஞ்சிடும், வருஷத்துக்கு ஒரு தடவ போடச் சொல்லுங்க."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் எதையும் செய் என்று என்னிடம் சொல்லாதவள். தன் வேலை ஒன்றை எடுத்து, எப்படிச் செய்வது என்று பக்குவமாகச் சொல்லி, என் கையில் கொடுக்கிறாள். வெயில் காலத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறாள், அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறாள். வருகிறவள் இப்படிக் கொடுப்பாளா? எனக்குப் புரிந்துவிட்டது.

"சரி" என்றேன். "உன் முட்டி எப்பிடி இருக்கு?"

"இங்க வென்னீர் இருக்கு" என்றாள். "பாத்துக் குளிங்க. வச்சிடறேன்."

மூன்று வெள்ளிக்கிழமை ஆகிறது. பள்ளிவாசலிலிருந்து வந்ததும் மூடியைத் திறந்து ஒரு வாளி ஊற்றுகிறேன். மண் உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் நிற்கிறேன். கயிறு இப்போது கூடத்தில் கிடக்கிறது, நடக்க இடமில்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை. அழவேண்டும் போல இருக்கிறது. அழுதால் கேட்க ஆள் இல்லாத வீட்டில் அதற்கும் மனசு வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்கு அவள் குளிக்கிற நேரத்தில், ஐந்து மணிக்கு, மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். பலகை வேண்டியிருக்கவில்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று குமிழைத் திருப்பினேன். வெந்நீர் தலையில் கொட்டியது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீரில், ஏழு வருஷமும் அவளையும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும்.