நூறு கிலோ பெல்ட்

கிரேன் ஏணியில் ஏறுபவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேல் எடை உள்ளவரை ஏற்றக் கூடாது என்பது விதி. வருடாந்திரப் பரிசோதனையில் ஆபரேட்டரின் எடை நூற்றெட்டு காட்டியது.

“மூணு மாசம் கீழ வேலை பாருங்கண்ணே,” என்றார் கம்பெனி நர்ஸ். “ராத்திரி சாப்பாட்ட கொறைங்க, கூல் டிரிங்க்ஸ நிறுத்துங்க, தினம் நடங்க. மெதுவா எறங்கிடும்.”

“மூணு மாசத்துல என் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்திருப்பான் சிஸ்டர். ஒரு வாரம் குடுங்க.”

“ஒரு வாரத்துலயா ஏறுச்சு, ஒரு வாரத்துல எறங்க?”

ஆபரேட்டர் சிரித்து மழுப்பினார். ஒரு வாரம் கழித்து நடக்கும் மறுபரிசோதனை வரைக்கும் ஏறிக்கொள்ளட்டும் என்று மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

கீழே நின்று சிக்னல் சொல்பவன் ஆபரேட்டரின் மைத்துனன். சாப்பாட்டு வேளையில் அவன் ஒரு பொடி டப்பாவை நீட்டினான். ஒரே வாரத்தில் எட்டு கிலோ என்று அதன் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இல்லை.

“சாப்பாடே வேணாம் மாமா. வேலை விட்டதும் ரெண்டு கரண்டி. கொழுப்பெல்லாம் கரைஞ்சு பாத்ரூம் வழியா போயிடும்.”

“உன் தொப்பை ஏன்டா போகல?”

“நான் விக்கிற ஆளு மாமா.”

பொடி வேலை செய்தது. இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்தார். தராசு முள் தினமும் இறங்கியது. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, போனது தண்ணீர். அதைத் திரும்பக் குடிக்கவும் அவருக்கு வழியில்லை. கேபினில் கழிப்பறை கிடையாது, இறங்கி ஏறினால் பாதி வேலை கெட்டுவிடும். அதனால் கிரேன்காரர்கள் பகலில் வாய் நனைப்பதில்லை. அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே பேசிக்கொள்வார்கள்.

மறுபரிசோதனைக்கு முந்தின நாள். வெயில் உச்சியில் இருந்தது. இரும்புக் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கியபோது அவருடைய விரல்கள் தாமாக மடங்கி இறுகின.

“மாமா, கொஞ்சம் எடது பக்கம். மாமா?”

வாக்கி டாக்கியில் மூச்சு இரைந்தது. பிறகு குரல் வந்தது. “மாப்ள, கீழ நிக்கிறவங்கள வெலகச் சொல்லு.”

கைப்பிடியிலிருந்து கை நழுவியதும் கிரேன் அப்படியே நின்றது. மைத்துனன் ஏறிப் போய்ப் பார்த்தபோது அவர் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சுருண்டு கிடந்தார். தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கயிற்றில் இறக்கினார்கள்.

உயிர் திரும்பியது, சிறுநீரகங்கள் திரும்பவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுக்கிறார். படுப்பதற்கு முன் ஒரு முறை, எழுந்த பின் ஒரு முறை தராசில் நிறுத்துகிறார்கள். நடுவில் குறைவது தண்ணீர்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மனைவி அவருக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்.

அழைத்துப் போவதும் வருவதும் மைத்துனன்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டான்.

“இன்னிக்கு வெயிட் எவ்வளவு மாமா?”

“தொண்ணூத்தொண்ணு.” அவர் கைத்தாங்கலாக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். “பெல்ட் தாங்கும் மாப்ள.”

மைத்துனன் கையிலேயே இருந்த சாவியைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தான்.