நாலரை அடி

ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது காவிரிக் கரையில் எழுதாத சட்டம். அதனால்தான் அந்தப் பெட்டி ஆனிக் கடைசியிலேயே அவசர அவசரமாகப் படித்துறைக்குப் போய்த் தொங்கியது. உள்ளே இருக்க வேண்டியது இல்லாமலே போனது என்பது ஓசூரில் அதைச் செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

செய்தவர்கள் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. தொழிற்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் நடந்த கம்பெனி. ப்ரோகிராம் எழுத வேளாங்கண்ணி. அவள் எழுதியதைச் சிப்பில் பதிக்கத் தீர்த்தம்மாள். வேனை ஓட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வர யாகப்பன். முதலாளி பெங்களூரில் இருந்தார், மாதக் கடைசியில் மட்டும் முகம் காட்டுவார்.

பென்னாகரம் பக்கம் ஒரு படித்துறைக் கமிட்டி கேட்ட பெட்டி அது. ஆற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை, கரையில் பெட்டி, பெட்டிக்கு மேல் சைரன். தண்ணீர் ஏழு அடியைத் தாண்டினால் ஊத வேண்டும். கர்நாடகத்தில் மழை கொட்டி அணையைத் திறந்துவிட்டால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். குளிக்கிறவர்களுக்கு அது தெரியாது. வருஷா வருஷம் யாரையாவது ஆறு கொண்டுபோகும்.

மிதவைக் கருவி பம்பாய்க்காரர்களுடையது. அதைப் படித்து அடிக்கணக்காகச் சொல்லும் ப்ரோகிராமையும் அவர்களே ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவும் வேளாங்கண்ணி எழுதியதும் சேர மறுத்தன. இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு துண்டு இருந்தது. ஒரே பெயரில் இரண்டு மருமகள்கள் இருக்கிற வீட்டில், கூப்பிட்ட குரலுக்கு யார் வருவது என்ற தகராறு மாதிரி. பம்பாய்க்கு எழுதினாள். திருத்தி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது, ஃபிளாப்பி வரவில்லை.

அதற்காக மற்ற வேலை நிற்க முடியுமா? எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். பம்பாய்ச் சரக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாலு வரியில் ஒரு பொம்மையை உட்கார வைத்தாள். தண்ணீர் எவ்வளவு என்று பெட்டி எத்தனை தடவை கேட்டாலும் பொம்மை ஒரே பதில் சொல்லும். முதலில் ஒன்பது அடி என்று சொல்ல வைத்தாள். மேசை மேல் இருந்த சைரன் ஓயாமல் அலறியது. மாடிக்காரர் இறங்கி வந்து சண்டை பிடித்தார். சரி, யாருக்கும் தொந்தரவில்லாத எண்ணாக இருக்கட்டும் என்று நாலரை அடியாக மாற்றினாள். பெட்டி வாயை மூடிக்கொண்டது, வேலையும் நடந்தது.

பக்கத்தில் 'தற்காலிகம், பம்பாய் ஃபிளாப்பி வந்ததும் எடுத்துவிடவும்' என்று எழுதியும் வைத்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை நமக்குத் தெரியாததா?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. வெளிச்சம் பட்டால் எழுதியது நாளடைவில் அழிந்துவிடும், அதனால் மூடி ஒட்ட வேண்டும். தீர்த்தம்மாள் அதற்கு ஸ்டிக்கர் பொட்டைக் கொண்டுவந்தாள். முடிந்த சிப்புக்குச் சிவப்பு. பொம்மை வைத்த சிப்புக்குக் கறுப்பு. கறுப்பைக் கண்டால் வெளியே அனுப்பாதே, அனுப்பியிருந்தால் மாற்று என்று அர்த்தம்.

ஆடிக்கு முன்னால் பெட்டியை மாட்டியே ஆக வேண்டும் என்று கமிட்டி நின்றது. சும்மா தொங்கட்டும், பதினெட்டாம் பெருக்குக்குள் சிப்பை மாற்றிவிடலாம் என்று பொம்மைச் சிப்போடு அனுப்பினார்கள். ஆடியில் ஃபிளாப்பி வந்தது. இந்த முறை இரண்டும் சமத்தாகச் சேர்ந்தன. புதுக் கல்யாணப் பெண்ணான தீர்த்தம்மாள் ஆடிக்குப் பென்னாகரத்துத் தாய் வீட்டுக்குப் போயிருந்ததால், வேளாங்கண்ணியே சிப்பைப் பதித்து, சிவப்புப் பொட்டு ஒட்டி, யாகப்பனிடம் கொடுத்தனுப்பினாள்.

பதினெட்டாம் பெருக்கன்று காலையில் யாகப்பன் அதே சிப்பைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“மாத்தலியா?” என்றாள்.

“எதுக்கு மாத்தறது? பொட்டியத் தொறந்தேன், உள்ள செவப்புப் பொட்டுதான் இருந்துச்சி. யாரோ முன்னாடியே மாத்திட்டாங்கன்னு மூடிட்டு வந்துட்டேன்.”

“முடிஞ்ச சிப்பு இது ஒண்ணுதானுங்க. இது இங்க இருக்குதே.”

யாகப்பன் சிப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. அவளுக்கோ உடனே புரிந்துவிட்டது. அங்கே சிவப்புப் பொட்டோடு உட்கார்ந்திருப்பது பொம்மை. ஆறு மலையளவு வந்தாலும் நாலரை அடி என்று சொல்லும். கர்நாடகத்து அணை நிரம்பித் திறந்துவிட்டதாகக் காலைப் பேப்பரில் போட்டிருந்தது. இன்று ஜில்லாவே ஆற்றில் இறங்கும். தீர்த்தம்மாள் தாலிக் கயிறு மாற்றப் போவதும் அதே படித்துறையில்தான்.

படித்துறை டீக்கடைக்கு டிரங்க் கால் போட்டாள். காவல்காரர் தர்மனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

“அய்யா, அந்தப் பொட்டி வேலை செய்யாது. யாரையும் தண்ணியில எறங்க விடாதீங்க.”

“வேலை செய்யாதுங்களா? காலைல கூட ஊதுச்சிங்களே. ஜனத்த மேல ஏத்துனேன், தண்ணி வந்துச்சி, வடிஞ்சிருச்சி. இப்ப மறுபடியும் எறங்கிட்டாங்க.”

“அது ஊதாதுங்கய்யா.”

“பெருக்கன்னிக்கு நான் சொன்னா யாரும்மா கேப்பாங்க? ஊதட்டும், ஏத்திர்றேன்,” என்றார் தர்மன். லைன் அறுந்துவிட்டது.

இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வேன் பறந்தது. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிய டிராக்டர்கள் வழியை மறித்தன. யாகப்பன் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தார். வேளாங்கண்ணி சிப்பு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பொம்மைக்கு ஊதத் தெரியாது. அவள் எழுதிய நாலு வரி அவளுக்கு மனப்பாடம். தர்மன் பொய் சொல்கிறாரா, பயித்தியமா என்று யோசித்தாள். இரண்டில் எதுவாக இருந்தாலும் தேவலை என்று இருந்தது. மூன்றாவதாக ஒன்றை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

படித்துறையில் கூட்டம் நெரிந்தது. முளைப்பாரியும் மஞ்சளும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். வெயில் அடித்தது. ஆறு சமத்தாக ஓடியது. தர்மன் ஒல்லியான மனிதர், காதோரம் நரைத்தவர். அவளைக் காவல் அறைக்குக் கூட்டிப்போனார். பெட்டியின் முகத்தில் சிவப்பு எழுத்தில் 4.5 என்று இருந்தது.

“இது என்னைக்காச்சும் மாறுச்சிங்களா?”

“நெம்பரா? இல்லீங்க. மாட்டுன நாளா இதேதான். ஆனா ஊதும்.”

“ஊருக்கே கேட்டுச்சா?”

“கேட்டுப் பாத்தேங்க. சிரிக்கறாங்க. எனக்கு மட்டுந்தான் கேக்குதாம். ஆனா அது ஊதி, தண்ணி ஏறாம இருந்ததில்ல.”

அவள் மின்சாரத்தை அணைத்தாள். பெட்டியின் முகம் இருண்டது. மூடியைக் கழற்றி, நகத்தால் சிவப்புப் பொட்டை உரித்தாள். அதன் கீழே கறுப்புப் பொட்டு இருந்தது. இரண்டையும் மேசை விளிம்பில் ஒட்டிவிட்டுச் சிப்பை நெம்பி எடுத்தாள். உள்ளங்கையில் கம்பளிப்பூச்சி போலக் கிடந்தது.

அப்போது சைரன் ஊதியது.

மின்சாரம் இல்லை. சிப்பு அவள் கையில் இருந்தது. இருந்தும் ஊதியது. மெல்லத் தொடங்கி, உயர்ந்து, நடுவில் ஒரு கணம் நின்று, மறுபடி எழுந்தது. அந்த நிற்றலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எந்த இயந்திரமும் மூச்சு வாங்காது.

தர்மன் அதற்குள் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். “மேல ஏறுங்க, மேல ஏறுங்க,” என்று கத்தினார். ஜனம் அவரைப் பார்த்துச் சிரித்தது. புதுச் சிப்பு டப்பாவில் தயாராக இருந்தது. அதைச் செருகி, ஸ்விட்சைப் போட்டு, எல்லாவற்றையும் முறைப்படி செய்யலாம். வேளாங்கண்ணி டப்பாவை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.

கீழ்ப்படியில் தீர்த்தம்மாள் புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் ஏந்தி நின்றாள். அவள் அம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?”

“மேல ஏறு.”

“முடிச்சி போட்டுட்டு வர்றேங்க்கா.”

“சைரன் கேக்கலியா உனக்கு?”

தீர்த்தம்மாள் காதைத் தீட்டிப் பார்த்தாள். “இல்லியேக்கா.”

வாதாட நேரமில்லை. அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு படி ஏறினாள், தொண்டை கிழியக் கத்தினாள். சுடிதார் போட்ட டவுன் பெண் ஒருத்தி கல்யாணப் பெண்ணைத் தரதரவென்று இழுத்துப் போவதைப் பார்த்து முதலில் தீர்த்தம்மாளின் சொந்தக்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். என்ன சண்டை என்று பார்க்க மற்றவர்கள் வந்தார்கள். நல்லதைச் சொன்னால் நகராத ஜனம் வேடிக்கைக்கு நகர்ந்தது. தர்மன் மிச்சப் பேரைக் குச்சியால் விரட்டினார்.

கடைசி ஆள் ஏறினபோது தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் நுரை ஒன்று வந்து கீழ்ப்படியை நக்கியது. அடுத்த மூச்சில் கீழ்ப்படியே இல்லை. முளைப்பாரித் தட்டுகள், செருப்புகள், ஒரு குழந்தையின் சட்டை எல்லாம் சுழன்றுகொண்டு போயின. சற்றுமுன் தீர்த்தம்மாள் நின்ற இடத்தில் வேரோடு ஒரு மரம் உருண்டது.

வேளாங்கண்ணி அறைக்குத் திரும்பிப் புதுச் சிப்பைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி பத்தடி என்று காட்டி அலறியது. குழந்தைகள் அழுதன, கிழவிகள் காதைப் பொத்தினார்கள். எல்லோருக்கும் கேட்டது.

“இது அது இல்லீங்க,” என்றார் வாசலில் நின்ற தர்மன்.

“தெரியுமுங்க.”

“உங்களுக்கும் கேட்டுச்சா?”

அவள் தலையாட்டினாள்.

“அப்ப நீங்களும் இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்கதான்,” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. துணைக்கு ஆள் கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

எல்லோரும் மேலே வந்துவிட்டதால் சைரனை அணைத்தார்கள். பயம் தெளிந்த ஜனம் மரத்தடியில் புளியோதரையையும் தயிர்சாதத்தையும் பிரித்தது. தீர்த்தம்மாள் பாதி முடிந்த கயிற்றைப் பிடித்தபடி அறைக்குள் வந்தாள். மேசை விளிம்பில் இருந்த இரண்டு பொட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

“செவப்ப நாந்தாங்க்கா ஒட்டுனேன். நான் தாலிக் கயிறு மாத்தப் போற தொறைக்குப் போற பொட்டி. கறுப்பு வெச்சி அனுப்ப மனசு வல்ல. கறுப்ப எடுக்கல, மேலதான ஒட்டுனேன். ஏதாச்சும் தப்பாங்க்கா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். புதுப் பெண், இப்போதுதான் பிழைத்திருக்கிறாள். தொந்தரவில்லாத ஒரு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாலரை அடியும் அப்படி வந்ததுதான் என்று நினைத்தபோது வேளாங்கண்ணிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

“அது பொம்மைச் சிப்பு, தீர்த்தா. அது ஊதவே ஊதாது. யாகப்பன் மாத்த வந்தாரு, செவப்பப் பாத்து ஏமாந்துட்டுப் போயிட்டாரு. பொம்மைய வெச்சது நான். ஒம்பது அடின்னு பயமுறுத்துற மாதிரியே வெச்சிருந்தா ஆனியிலயே தெரிஞ்சிருக்கும். எனக்குச் சத்தம் தொந்தரவா இருந்துச்சி.”

தீர்த்தம்மாள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள். அந்த மரம் இன்னும் படித்துறை ஓரம் முட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் கூட்டத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. அவள் முகம் மெல்ல வெளுத்தது.

“அக்கா, சைரன நிறுத்தச் சொல்லுங்க. காது வலிக்குது.”

சைரனை அணைத்து வெகுநேரமாகியிருந்தது. மரத்தடியில் சோறு தின்றவர்களில் ஒருவரும் தலை தூக்கவில்லை. மீன் பார்க்கலாம் என்று சில பிள்ளைகள் மறுபடி படியில் இறங்கிக்கொண்டிருந்தன. பெட்டி ஒன்பது அடி என்று காட்டியது, தண்ணீர் வடிகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். தர்மன் குச்சியை எடுத்துக்கொண்டு படியை நோக்கிப் போய்விட்டிருந்தார்.

வேளாங்கண்ணிக்கும் அது கேட்டது. தீர்த்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள்.